ஹுக்கெ என்றால் என்ன? டென்மார்க்கின் மெழுகுதிரிச் சொல்லைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள்

மார்கழி நெருங்கும்போதெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சென்னையிலிருந்தும் எனக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரும். "உங்கட நாட்டில மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு ஏதோ செய்வார்களாமே, அது என்ன?" டென்மார்க்கில் முப்பது குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே ஒன்றாகச் சேர்த்து வைக்கிறேன்.

இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது?

இணையத் தமிழில் 'ஹைகி', 'ஹைஜ்', 'ஹூகா' என்றெல்லாம் எழுதுகிறார்கள். அருகில் வருவது 'ஹுக்கெ'. முதல் உயிரொலி தமிழில் இல்லாதது. 'இ' என்று சொல்லத் தொடங்குங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'உ' சொல்வதுபோல் குவியுங்கள். வந்துவிட்டது. நடுவில் வரும் ஒலி 'பக்கம்' என்பதில் வரும் 'க்க' போன்றது, ஆனால் அவ்வளவு அழுத்தம் வேண்டாம். ஒற்றைக் 'க'வாக எழுதினால் தமிழர் வாயில் அது 'ஹ'வாகக் குழைந்துவிடும். அதனால்தான் நான் இரட்டித்து எழுதுகிறேன். கடைசி 'கெ' தளர்வாக, விழுங்கியும் விழுங்காமலும் முடிய வேண்டும்.

பொருள் என்ன?

அகராதிகள் 'இதமான சூழல்', 'வீட்டுக் கதகதப்பு' என்று சொல்லி முடித்துவிடுகின்றன. அது பாதிதான். டென்மார்க்காரர் இந்தச் சொல்லை ஒரு நாளில் பல தடவை வெவ்வேறு உருவில் ஆள்வார்கள், வினைச்சொல்லாகவும். 'வி ஹுக்கர் ஒஸ்' என்றால், நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து, அவசரமில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நன்றாக இருக்கிறோம். 'ஹுக் டை' என்றால் 'போய் நன்றாக இருந்துவிட்டு வா' என்ற வாழ்த்து. 'ஹுக்கெலி' என்பது அடைமொழி: ஒரு மூலைக் கடை, ஒரு மாலை, ஒரு மாமி, ஒரு நாய்க்குட்டி, எதுவும் ஹுக்கெலியாக இருக்கலாம்.

புதிதாக அறிமுகமானவரிடம்கூட 'உங்களைச் சந்தித்தது ஹுக்கெலி' என்றுதான் சொல்வார்கள். அந்த இடத்தில் மெழுகுதிரியும் இல்லை, போர்வையும் இல்லை. இது மனிதர்கள் செய்கிற ஒரு காரியம். அறையின் அலங்காரம் அதற்குப் பின்னால் வருவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள மற்ற விடைகளெல்லாம் எளிதாகிவிடும்.

தமிழில் ஒரு சொல் கிடைக்காதா?

நான் பல ஆண்டு தேடியிருக்கிறேன். 'இதம்' நல்ல சொல், உடம்புக்கும் மனத்துக்கும் பொருந்தும். ஆனால் தனியாகப் போர்வைக்குள் கிடந்தாலும் இதம்தான், அதில் கூட இருப்பவர் வரவில்லை. 'கலகலப்பு' சத்தம் கூடியது, கல்யாண வீட்டுக்குரியது. 'சாவகாசம்' நேரத்தை மட்டும் சொல்கிறது.

எனக்குக் கிடைத்தவற்றில் மிக நெருங்கியது 'அளவளாவுதல்'. வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில் இந்தச் சொல்லை ஆள்கிறார்: சுற்றத்தாரோடு மனம் கலந்து பழகாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைவதைப் போன்றது என்று. இன்று நாம் அதைப் 'பேசிக்கொண்டிருத்தல்' என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டோம். பேச்சோடு மனமும் கலக்கிற அந்தப் பழைய பொருளில் எடுத்து, அதனோடு கொஞ்சம் இதத்தையும் சேர்த்தால் ஹுக்கெ வந்துவிடும்.

சொல் எங்கிருந்து வந்தது?

டென்மார்க்கும் நோர்வேயும் 1814 வரை ஒரே முடியின் கீழ் இருந்தன. சொல் நோர்வேப் பக்கத்திலிருந்து டேனிஷ் எழுத்துக்கு ஏறத்தாழ 1800ஐ ஒட்டி வந்து சேர்ந்தது. அதன் வேர் பழைய நோர்டிக் மொழியின் 'ஹிக்யா', அதாவது எண்ணுதல், நினைத்தல். அதற்கும் அடியில் 'ஹுக்ர்', மனம். ஒடின் கடவுளின் தோளில் இருக்கும் இரண்டு காகங்களில் ஒன்றின் பெயர் ஹூகின், 'எண்ணம்'. அதுவும் அதே வேர். மனத்தைக் குறித்த ஒரு சொல் காலப்போக்கில் மன ஆறுதலைக் குறித்து, பிறகு ஆறுதல் தரும் கூட்டுறவைக் குறிக்க வந்திருக்கிறது. கட்டியணைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதைச் சேர்த்துச் சொல்வது இணையத்தில் பரவலாக இருக்கிறது, ஆனால் அந்தத் தொடர்பு நிறுவப்பட்டதல்ல.

தமிழருக்கு ஒரு சிறு ஒட்டுதல் இங்கே உண்டு. இந்தச் சொல் டேனிஷ் எழுத்தில் குடியேறிய காலத்தில் தரங்கம்பாடியில் டென்மார்க்கின் கொடிதான் பறந்தது. 1620இல் வந்தவர்கள் 1845இல் அதைப் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சோழ மண்டலத்து வெயிலில் இருந்துகொண்டு அவர்களும் ஊரின் குளிர்கால மாலைகளை நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மின்சாரம் இருக்கும்போது எதற்கு மெழுகுதிரி?

நான் வந்த முதல் மார்கழியில் என் கேள்வியும் இதுதான். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வயதான தம்பதி கோப்பி குடிக்க வரச் சொன்னார்கள். போனால் வீடு இருண்டு கிடக்கிறது. மேசையில் நாலு திரி, யன்னலில் இரண்டு. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை எங்களுடையது. மங்கல் வெளிச்சம் என்றால் எங்களுக்கு இல்லாமை. அதை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுக்கலாம் என்பதே எனக்கு அன்று புரியவில்லை. புரிய நாலைந்து குளிர்காலம் ஆயிற்று.

முதற்காரணம் இருட்டு. டிசம்பர் 21ஐ ஒட்டிக் கொப்பன்ஹேகனில் சூரியன் காலை எட்டரை தாண்டித்தான் எழும், பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் போய்விடும். மொத்தம் 7 மணி நேரப் பகல், அதிலும் பாதி நாள் சாம்பல் மேகம். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணி நேரம். இத்தனை நீண்ட இருட்டில் மேலே ஒரு வெள்ளைக் குழல்விளக்கைப் போட்டால் அறை ஆஸ்பத்திரி விறாந்தை மாதிரி ஆகிவிடும். சுடர் அப்படிச் செய்யாது. கீழே இருக்கும், அசையும், முகங்களை மட்டும் காட்டும், மூலைகளை விட்டுவிடும். எல்லோரும் தானாகவே மேசையை நோக்கி நெருங்குவார்கள்.

டேனிஷில் சுடர் வெளிச்சத்துக்குப் பெயர் 'லெவெனெ ல்யூஸ்', உயிருள்ள ஒளி. கடையில், உணவகத்தில், தேவாலய அறிவிப்பில் எல்லாம் இப்படித்தான் எழுதுவார்கள். இந்த மொழியில் எனக்கு மிகப் பிடித்த தொடர் இது. கூட்டத்தின் சந்தோசத்தைக் கெடுப்பவருக்கு ஒரு பெயர் உண்டு: 'ல்யூஸெஸ்லுக்கர்', திரியை அணைப்பவர்.

இந்தப் பழக்கம் எல்லா வீட்டுக்கும் வந்ததற்கு வேதியியலும் ஒரு காரணம். பழைய காலத்தில் ஏழை வீடுகளில் மிருகக் கொழுப்புத் திரிதான், புகையும் நாற்றமுமாக. தேன்மெழுகு தேவாலயத்துக்கும் செல்வர்க்கும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் கொழுப்பை ஆராய்ந்து ஸ்டியரினைப் பிரித்தெடுத்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில் சுத்தமாக எரியும் மலிவான திரி கிடைத்தது. டேனிஷில் மெழுகுதிரிக்கு இன்றும் 'ஸ்டியரின் விளக்கு' என்றுதான் பெயர்.

மின்சாரம் வந்த பிறகும் கண்ணைக் கூசும் வெளிச்சத்தோடு இவர்கள் சமாதானமாகவில்லை. எண்ணெய் விளக்கின் ஒளியில் வளர்ந்த போல் ஹென்னிங்சன் (1894–1967) என்ற கட்டடக் கலைஞர், குமிழ் கண்ணில் படாதபடி அடுக்கு மறைப்புகளோடு விளக்குகளை 1920களில் வடிவமைத்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளில் 'பி.எச். விளக்கு' என்று வழங்கும் அவற்றை இன்றும் இங்கே பல வீடுகளின் சாப்பாட்டு மேசைக்கு மேல் காணலாம்.

டிசம்பரில் வீடுகளில் என்னதான் நடக்கும்?

இதற்குத் தனிப் பெயரே உண்டு: 'யூலெஹுக்கெ'. 'யூல்' என்பது நத்தார், அதாவது கிறிஸ்துமஸ். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே இருந்த நடுக்குளிர்கால விழாவின் பெயர் அது.

டிசம்பர் 1ஆம் தேதி 'கலெண்டர்ல்யூஸ்' மேசைக்கு வரும். நீளமான ஒரு திரி, அதில் 1 முதல் 24 வரை எண்கள் அச்சடித்திருக்கும். ஒவ்வொரு நாளும் அன்றைய எண் உருகும் வரை மட்டும் எரிய விட்டு அணைக்க வேண்டும். காலை இருட்டில், பள்ளிக்கூடம் போகுமுன், பிள்ளைகள் பாணைக் கடித்துக்கொண்டே அதைப் பார்த்திருப்பார்கள். யாராவது மறந்துவிட்டால் ஒரே நாளில் மூன்று நாள் எரிந்துபோகும். பெரிய துக்கம் அது.

நத்தாருக்கு முந்தைய நாலு ஞாயிறுகளுக்கும் நாலு திரி கொண்ட பச்சை வளையம் இருக்கும், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். இது ஜெர்மனியிலிருந்து வந்த வழக்கம். ஹம்பர்க்கில் 1839இல் விச்செர்ன் என்ற போதகர் தம் பராமரிப்பிலிருந்த ஏழைப் பிள்ளைகள் நாள் எண்ணுவதற்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் திரிகளை நட்டதிலிருந்து தொடங்கியது.

ஒரு நாள் முழுவதும் கத்தரிக்கோலும் பசையுமாகப் போகும். சிவப்பு, வெள்ளைத் தாள்களைப் பாய் பின்னுவதுபோல் பின்னி இதய வடிவக் கூடை செய்வார்கள். இப்போது கிடைப்பவற்றில் மிகப் பழையது, எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் தம் கையால் செய்தது.

24ஆம் தேதி இரவுதான் உச்சம். சாப்பாட்டின் கடைசியில் 'ரிஸ் அலமாங்': பாற்சோற்றை ஆறவைத்து, அடித்த கிரீமும் நறுக்கிய பாதாமும் கலந்து, மேலே சூடான செர்ரிப் பாகு. அதில் ஒரேயொரு முழுப் பாதாம் ஒளிந்திருக்கும், யாருக்கு அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. அகப்பட்டவர் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, சட்டி காலியாகும் வரை மற்றவர்களைத் தின்ன வைப்பது வழக்கம். பிறகு மரத்தில் திரிகளை ஏற்றி, மற்ற விளக்குகளை அணைத்து, கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டே நடப்பார்கள். பல வீடுகளில் மரத்தில் இருப்பது இன்றும் உண்மையான நெருப்புத்தான். பார்க்கவும் அழகு, வயிற்றையும் கலக்கும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கும்.

தலையில் திரி வைத்த பெண்கள் ஊர்வலம் போவதும் ஹுக்கெயா?

அது லூசியா, டிசம்பர் 13. முதன்மையாகச் சுவீடனுடையது. பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஆண்டின் மிக நீண்ட இரவாகக் கருதப்பட்ட இரவு அது. வெள்ளை உடை, இடுப்பில் சிவப்புப் பட்டி, முன்னே போகிறவள் தலையில் திரிக் கிரீடம். டென்மார்க்குக்கு அது 1944இல்தான் வந்தது. நாடு ஜெர்மனியரின் பிடியில் இருந்த காலம் அது. இருட்டுக்கு எதிராக ஒளி என்ற அந்த ஊர்வலத்தின் பொருளை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே காலத்தின் இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அது குளிர்காலத்தைச் சேர்ந்ததல்ல. 1945 மே 4 இரவு, டென்மார்க்கில் ஜெர்மன் படைகள் சரணடைந்த செய்தி லண்டன் வானொலியில் வந்தது. ஐந்து ஆண்டாக யன்னல்களை மூடியிருந்த கறுப்புத் திரைகளைக் கிழித்தெறிந்துவிட்டு மக்கள் திரிகளை ஏற்றி யன்னலில் வைத்தார்கள். இன்றும் மே 4 மாலை பல யன்னல்களில் திரி எரியும். குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கை மறைத்தவர்கள் நாங்களும். அந்த மாலையில் நானும் எங்கள் வீட்டு யன்னலில் ஒன்று வைக்கிறேன்.

சுவீடனிலும் நோர்வேயிலும் இதே சொல்தானா?

நோர்வேயில் 'ஹுக்கெலி' என்ற சொல் உண்டு, ஆனால் இந்த உணர்வுக்கு அவர்கள் பெரும்பாலும் 'கூஸ்', 'கூஸெலி' என்பார்கள். சுவீடனில் 'மீஸ்'. வெள்ளி மாலையில் குடும்பமாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கொறிப்பதற்கு 'வெள்ளிக்கிழமை மீஸ்' என்றே பெயர். ஜெர்மனியருக்கும் ஒல்லாந்தருக்கும் தத்தம் சொற்கள் உண்டு. டென்மார்க்காரர் மட்டுமே அறிந்த அனுபவம் இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோடையில் ஹுக்கெ உண்டா?

தாராளமாக. ஜூனில் பகல் பதினேழரை மணி நேரம். தோட்டத்து அடுப்பு, கடற்கரைக் குடில், இரவு பத்து மணி வெளிச்சத்தில் பேச்சு, எல்லாம் ஹுக்கெதான்.

இதற்கு எதிர்ச்சொல் என்ன?

'உஹுக்கெலி'. முன்னால் 'உ' சேர்ந்தால் எதிர்மறை. 'இதமில்லாத' என்று பொருள் வரும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை: பயங்கரமான, அமானுஷ்யமான, முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிற என்று பொருள். பேய்ப்படம் உஹுக்கெலி, கொலை நடந்த வீடு உஹுக்கெலி. ஹுக்கெ போனால் மிஞ்சுவது சலிப்பல்ல, அச்சம் என்று இந்த மொழி நினைக்கிறது. கதவுக்கு வெளியே எப்போதும் ஓர் இருட்டு நிற்கிறது என்ற நினைவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

வெளியாட்களை இந்த வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வார்களா?

இதைத்தான் புலம்பெயர்ந்தவர்கள் அதிகம் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. நேர்மையாகச் சொல்கிறேன்: வட்டம் சிறியது, திறக்க நாளாகும்.

ஹுக்கெக்குச் சில எழுதாத விதிகள் உண்டு. ஒருவரே பேசி இடத்தைப் பிடிக்கக் கூடாது. பெருமை பேசக் கூடாது. சச்சரவு தரும் பேச்சை அந்த மேசையில் எடுக்கக் கூடாது. இவை நல்ல விதிகள், ஆனால் மனக்குறை உள்ளவனை ஊமையாக்கவும் இவையே உதவும். 'ஹுக்கெரஸிஸ்மெ' என்றே டேனிஷில் ஒரு சொல் இருக்கிறது: நட்பான கேலி என்ற பேரில், சிரித்த முகத்தோடு, நிறத்தையும் பெயரையும் வைத்துச் சொல்லும் சொல். முகம் சுளித்தால் நீதான் திரியை அணைப்பவன். இப்படி ஒரு சொல்லை இந்தச் சமூகமே உண்டாக்கித் தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1980களில் வந்த எங்கள் மூத்தவர்கள் பலர் தனி ஆண்கள். மனைவி மக்கள் இலங்கையில். அவர்களை அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தும், 1987 முதல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தார். 'தமிழர் வழக்கு' என்றே இது டென்மார்க் வரலாற்றில் பெயர் பெற்றது. விசாரணை அறிக்கையைத் தொடர்ந்து 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார், 1995இல் அமைச்சர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. காத்திருந்த அந்த ஆண்டுகளில் அவர்கள் குளிர்கால மாலைகளில் தெருவில் நடப்பார்களாம். டென்மார்க்காரர் யன்னல் திரையை மூடுவதில்லை. ஒவ்வொரு யன்னலிலும் திரி, மேசை, குடும்பம். ஹுக்கெ என்ற சொல்லை அவர்கள் வெளியிலிருந்து கற்றார்கள்.

வள்ளுவரின் குளத்துக்குக் கரை வேண்டும். கரை நீரைத் தாங்கும். அதே கரைதான் வெளியிலிருந்து வரும் வாய்க்காலையும் தடுக்கும். மடை திறப்பது உள்ளே இருப்பவர் கையில்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இது அவர்களுடைய சொல். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைக்குற்றி கிடைக்காத ஊரில் சிட்டி விளக்குகளை வாசற்படிப் பனியில் வரிசையாக வைத்துவிட்டு, என் மகள் "அப்பா, ஹுக்கெலியாய் இருக்கு" என்றாள். நான் திருத்தவில்லை.

புத்தகங்களிலும் கடைகளிலும் வருகிற ஹுக்கெ உண்மையானதா?

2016இல் இந்தச் சொல் உலகமெங்கும் பரவியது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் அந்த ஆண்டுச் சொல் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. கூடவே வாசனைத் திரி, கம்பளிக் காலுறை, விலை கூடிய போர்வை எல்லாம் அதே பெயரில் விற்பனைக்கு வந்தன. அதே டிசம்பரில் டென்மார்க் அரசு மக்களின் வாக்குகளைக் கொண்டு தேர்ந்த பத்து தேசிய விழுமியங்களில் சுதந்திரம், நம்பிக்கை, பால் சமத்துவம் ஆகியவற்றோடு ஹுக்கெயும் ஒன்று.

என் கருத்தில் பகட்டான எதுவும் ஹுக்கெக்கு எதிரி. விருந்தாளி தொடவே பயப்படும் கோப்பைகளை வைத்தால் ஹுக்கெ செத்துவிடும். பழைய கதிரை, கொஞ்சம் கருகிய கேக், பத்துத் தடவை கேட்ட கதை போதும். வாசனைத் திரிகளையும் சாப்பாட்டு மேசையில் பெரும்பாலானோர் வைக்க மாட்டார்கள்.

டென்மார்க்காரரின் மகிழ்ச்சிக்கு இதுதான் காரணமா?

உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2016இல் டென்மார்க் முதலிடம் பெற்றபோது பலர் அப்படி எழுதினார்கள். இலவச மருத்துவம், இலவசக் கல்வி, வேலை போனால் உதவித்தொகை, மாலை நாலு மணிக்கு வீடு திரும்ப விடும் வேலை ஒழுங்கு ஆகியவைதான் அடித்தளம். மாலையில் நேரம் இருப்பவனால்தான் அளவளாவ முடியும்.

தனியாக இருந்தால் ஹுக்கெ செய்யலாமா?

செய்யலாம், சொல்லும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் நத்தார் இரவில் தனித்திருப்பவருக்கு இந்தச் சொல் வலிக்கும். அதனால் அன்று தனியாக இருப்பவர்களுக்காகத் தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் பொது விருந்து நடத்துகின்றன.

இத்தனை திரி எரித்தால் ஆபத்தில்லையா?

உண்டு. பாசி, ஊசியிலை வைத்துச் செய்த அலங்காரத்தில் திரி கடைசி வரை எரிந்தால் பற்றிக்கொள்ளும். டிசம்பரில் வீட்டுத் தீ கூடுவது இதனால்தான். திரி எரியும் அறையை விட்டு யாரும் போகக் கூடாது. நுண்துகள்களும் காற்றில் சேரும், ஆகவே திரிநூலைக் குட்டையாக வெட்டுங்கள், காற்றோட்டத்தில் சுடர் ஆடவிடாதீர்கள், முடிந்ததும் பத்து நிமிடம் யன்னலைத் திறந்து விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வந்தால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்.

டென்மார்க்காரர் வீட்டுக்கு அழைத்தால் எப்படி நடந்துகொள்வது?

சொன்ன நேரத்துக்குப் போங்கள். ஆறு மணி என்றால் ஆறு மணிதான், நம் ஊர் ஆறு மணி இல்லை. சப்பாத்தை வாசலில் கழற்றுங்கள். அது நமக்குப் பழக்கம்தான். சிறிய பூங்கொத்தோ வீட்டில் செய்த பலகாரமோ போதும். என் அனுபவத்தில் பயித்தம் பணியாரத்துக்கு நல்ல வரவேற்பு. சட்டி கழுவ உதவுங்கள், அடுப்படியில்தான் நல்ல பேச்சு நடக்கும். பேச்சில் இடைவெளி விழுந்தால் அதை நிரப்ப அந்தரப்பட வேண்டாம். சுடரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் அங்கே ஒரு பங்களிப்பு.

புறப்படும்போது 'டே வா ஹுக்கெலித்' என்று சொல்லுங்கள், நன்றாக இருந்தது என்று பொருள். அதன் பிறகு மூன்று கிழமை கழித்துக் கடையில் அவரைக் கண்டால், வணக்கத்தோடு 'தக் ஃபோ சிஸ்ட்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்: போன முறைக்கு நன்றி. அந்த அடுத்த வீட்டுத் தம்பதி எனக்குக் கற்றுத் தந்த முதல் டேனிஷ் வாக்கியம் அது.